கம்மென்று இருந்தவளின் சம்மதம்

போன மாதம் அகராதி அலுவலகத்திலிருந்து இரண்டு பெண்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். பழைய சொல்லட்டைகளை எல்லாம் படம் பிடித்துக் கணினியில் ஏற்றுகிறார்களாம். அதில் ஒன்றை மட்டும் கண்ணாடித் தாள் உறையில் போட்டு, மருந்துச் சீட்டைப் போலப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்கள்.

"மேடம், இதுல ஏதோ பூச்சியோட இறக்கை ஒட்டியிருக்கு. மத்த அட்டைக்கும் பரவிடுமோன்னு பயமா இருக்கு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். என் கையெழுத்துதான். 'கம்மென்று' என்ற சொல்லுக்கு நான் எழுதிய அட்டை.

"பூச்சி இல்லம்மா. சங்கரா மீனோட செதில்."

இருவரும் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வைக்குப் பதிலாகத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் வேலையில் சேர்ந்தது அறுபதுகளின் கடைசியில். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைத்திருந்த புதிது. தமிழில் பட்டம் வாங்கியிருந்தேன், தட்டச்சும் தெரியும். அப்பா தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் பட்டுப் பிரிவில் இருந்தார். "அகராதி ஆபீஸ்னா சத்தம் இல்லாத எடம். பொம்பளப் பிள்ளைக்கு ஏத்தது" என்று சொல்லித்தான் என்னை அனுப்பினார். வாழ்க்கையில் அவர் அதிகம் ஏமாந்த விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

அலுவலகம் மயிலாப்பூரில் லஸ்ஸுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு பழைய வீட்டின் மாடியில் இருந்தது. கீழே காப்பிக்கொட்டை அரைக்கும் கடை. காலை எட்டு மணிக்கு மிஷின் ஓட ஆரம்பித்தால் மாடித் தரை அதிரும், மேசை மேல் மைக்கூடு நடனமாடும். அந்தச் சத்தத்தையும் தாண்டி ஒரு குரல் தெருவரை கேட்கும். அது எங்கள் பதிப்பாசிரியர் சிவக்கொழுந்து ஐயாவின் குரல். திருநெல்வேலிக்காரர், ஆறடி உயரம். "ஒரு குண்டூசி குடும்மா" என்று அவர் கேட்டால் எதிர்வீட்டு மாமி ஜன்னலில் குண்டூசியோடு நிற்பாள். அப்படி ஒரு சாரீரம்.

முதல் இரண்டு வருஷம் அட்டைகளை அகரவரிசைப்படுத்துவதிலும், எழுத்துப்பிழை பார்ப்பதிலும், திட்டு வாங்குவதிலும் போயிற்று. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

அட்டை எழுதும் முறையை மட்டும் சொல்லியாக வேண்டும். இடது மேல் மூலையில் சொல். அதன் கீழே அந்தச் சொல் வந்த வாக்கியம், சொன்னவர் வாயிலிருந்து வந்தது வந்தபடியே. அடுத்து சொன்னவர் பெயர், இடம், சொன்னபோது அவர் கையில் என்ன வேலை இருந்தது என்பது. பொருள் கடைசியில்தான், அதுவும் பென்சிலால். சொல்லின் வேர் சிவப்பு மையில் வரும். அந்தச் சிவப்புப் பேனாவை ஐயா தவிர யாரும் தொடக்கூடாது.

"யாருகிட்டயும் போயி இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்னு கேக்காதே. கேட்டா அவன் உடனே வாத்தியார் ஆயிருவான். பக்கத்துல நில்லு. அவனா சொல்லுவான். அப்ப புடி" என்பார். ஜனங்கள் பேசும் சொல்லைப் பிடிப்பது ஈசலைப் பிடிப்பது மாதிரி என்று அவருக்கு எண்ணம்.

அந்தச் சமயத்தில் எங்களுக்கு வாய்த்த தொகுதி, மௌனத்தையும் அமைதியையும் குறிக்கும் சொற்கள். ஒரே பொருள் கொண்ட சொற்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும் என்று ஐயா அப்படி ஒதுக்கிவைப்பார். மாடியில் இருந்த மூன்று பேரில் அமைதியாக இருக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மூன்றாமவர் உதவிப் பதிப்பாசிரியர் நாராயணன். மாட வீதிக்காரர், வடமொழியில் தேர்ந்தவர். ஐயா எந்தச் சொல்லை எடுத்தாலும் அதைத் தமிழ் என்பார். நாராயணன் அதையே சம்ஸ்கிருதம் என்பார்.

'மௌனம்' என்ற சொல்லில் மட்டும் சண்டை வரவில்லை. 'முனி' என்ற வடசொல்லிலிருந்து வந்தது, முனிவரின் இயல்பு மௌனம் என்று நாராயணன் சொன்னதை ஐயா ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டுவிட்டு, "ஆனா தமிழ்ல முனிவுன்னா கோவம்லா? ரெண்டையும் சேத்துப் பாரும் வே. நம்ம வீட்டுப் பொம்பளையாளுக பேசாம இருக்கறதுக்கு அர்த்தம் வெளங்கும்" என்றார். நாராயணன் முதல்முறையாகச் சிரித்தது அன்றுதான்.

'அமைதி' என்றால் சத்தம் இல்லாமை என்று நான் பென்சிலால் எழுதியிருந்ததை ஐயா அழித்தார். அமை என்றால் பொருந்தி உட்காருவது. கதவு சட்டத்தில் அமைவது போல ஒன்று அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டால் அது அமைதி; சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று மிஷினையும் மீறிக் கத்தினார். 'நிம்மதி' தெலுங்கும் கன்னடமும் கொடுத்த சொல் என்று தெரிந்தபோது எனக்கு ஏதோ நகை இரவல் என்று தெரிந்தாற்போல இருந்தது. 'அடக்கம்' வந்தபோது, பணிவுக்கும் பிணம் புதைப்பதற்கும் ஒரே வேர்தானா என்று கேட்டேன். "ஒரே வேர்தான். சில பேரு மொதல்ல உள்ளதப் பழகறதுக்குள்ள ரெண்டாவது வந்துரும்" என்றார்.

பெரிய யுத்தம் 'சும்மா'வில் வந்தது. 'சுகமா' என்பதுதான் தேய்ந்து சும்மா ஆயிற்று என்றார் நாராயணன். பழந்தமிழில் சும்மை என்றால் ஒலி, ஒலி இல்லாமல் இருப்பதுதான் சும்மா என்றார் ஐயா.

"சார், சும்மைன்னா இரைச்சல்னு நீங்களே சொல்றேள். இரைச்சல்லேர்ந்து எப்படி சார் மௌனம் வரும்?"

"ஏன் வராது? உம்ம வாயிலேர்ந்து வரலயா?"

மூன்று வாரம் நடந்தது. ஒருநாள் கீழ்க் கடைக்காரர் படியேறி வந்து வாசலில் நின்றார். "இன்னா சார் தகராறு? மிஷின் ஓடுதா நிக்குதான்னே தெரியல. கொட்டை கருகிப்போச்சு" என்றார். சிவப்பு மையில் 'வேர் உறுதியில்லை' என்று எழுதி அந்த அட்டையை மூடினார் ஐயா. எழுதும்போது அவர் முகம் சொத்தை எழுதிக் கொடுப்பவர் முகம் மாதிரி இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. தேனாம்பேட்டையிலிருந்த ஓர் அரசு அலுவலகத்தின் விசாரணை அதிகாரி எழுதியிருந்தார். கடற்கரைப் பக்கத்து மீன் அங்காடியில் ஒரு தகராறு. சவுரியம்மாள் என்ற மீன்காரப் பெண், இருபது வருஷமாக முன்வாசலில் உட்கார்ந்து விற்றவள். அங்காடிக்குப் புதுக் கூரை போட்டபோது, அங்காடிச் சங்கத்தின் செயலாளர் ஏகாம்பரம் அந்த முன்வாசல் இடத்தைத் தன் மச்சினனுக்குக் கொடுத்துவிட்டு அவளைச் சாக்கடை ஓரமாகப் பின்பக்கம் தள்ளிவிட்டார். கேட்டால், கூட்டத்தில் அவளே சம்மதித்தாள் என்றார். கூட்டக் குறிப்பில் 'சவுரியம்மாள் மௌனம் சாதித்துத் தம் சம்மதத்தைத் தெரிவித்தார்' என்று எழுதியிருந்தது. அவளும் வாக்குமூலத்தில், "அவுரு படிச்சாரு, நான் கம்முனு இருந்தேன்" என்றுதான் சொல்லியிருந்தாள்.

'கம்மென்றிருத்தல் என்பதற்குச் சம்மதித்தல் என்ற பொருள் உண்டா? தங்கள் அலுவலகத்தின் கருத்தை நேரில் தெரிவிக்கவும்.' இதுதான் அதிகாரியின் கேள்வி.

சொல்லட்டைப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். 'கம்' என்பதற்கு எங்களிடம் இருந்தவை எல்லாம் புத்தகத்திலிருந்து எடுத்த அட்டைகள். மல்லிகை கம்மென்று மணந்தது, தாழம்பூ கம்மென்று மணந்தது. பேச்சு வழக்குக்கு ஓர் அட்டைகூட இல்லை.

"பூக்கடைய வச்சிக்கிட்டு மீன்கடைக்கு எப்படிப் பதில் சொல்ல? கோமதி, நீ போ" என்றார் ஐயா.

நான் சைவ வீட்டுப் பெண். மீனை அதுவரை படத்தில்தான் பார்த்திருந்தேன். லஸ்ஸிலிருந்து நடந்தே போனேன். அங்காடியின் பின்பக்கம், ஈரச் சாக்கின் மேல் சவுரியம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. எதிரில் அலுமினியத் தட்டில் சங்கரா மீன் சிவப்பாக அடுக்கியிருந்தது. பொருள் கேட்கக்கூடாது என்பதால் நான் பக்கத்தில் சும்மா நின்றேன். பத்து நிமிஷம் பார்த்தாள்.

"இன்னாமா, மீனு வாங்கறியா, இல்ல மீனுக்குக் காவல் நிக்கறியா?"

வேறு வழியில்லாமல் கால் கிலோ சங்கரா வாங்கினேன். செதில் சுரண்டும்போது தட்டு ஓரமாக ஒரு பூனை வந்தது. "தே, கம்முனு கெட!" என்று அதட்டினாள். நான் பையிலிருந்து அட்டையை எடுத்தேன். அந்த நேரத்தில் தெறித்ததுதான் அந்தச் செதில்.

சற்று நேரத்தில் கோபாலபுரத்துப் பங்களாச் சமையல்காரர் ஒருவர் வந்து விலையைப் பாதியாகக் கேட்டார். சவுரியம்மாள் பதிலே சொல்லவில்லை. வேறு பக்கம் திரும்பி மீன் மேல் தண்ணீர் தெளித்தாள். அவர் மறுபடி கேட்டார். அதற்கும் பேச்சில்லை. பக்கத்துக் கடைக்காரி சொன்னாள்: "அவ கம்முனு கீறா பாரு, குடுக்க மாட்டா. நீ நடையக் கட்டு."

அதை இரண்டாவது அட்டையில் எழுதிக்கொண்டேன். பேசாமல் இருப்பது மறுப்பு. யாரும் சொல்லிக்கொடுக்காமல், யாரும் கேட்காமல், தானாக வந்து விழுந்த வாக்கியம்.

கிளம்பும்போது, கட்டுமரங்கள் ஏன் கரையிலேயே கிடக்கின்றன என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"கடலு கம்முனு கீதும்மா. ரெண்டு நாளா இப்படித்தான். பெருங்காத்து வரப்போவுது. எவனும் போவ மாட்டான்."

அது மூன்றாவது அட்டை. கம்மென்று இருப்பது எச்சரிக்கையும்கூட.

மீனை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அலுவலகத்துக்குக் கொண்டுவந்தேன். நாராயணன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கோமதி, பெருமாளே, இத்தோட நீ ஆத்துக்குக் கிளம்பிடு" என்றார். கீழ்க் கடைக்காரர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். அந்த வாரம் முழுக்க லஸ் பக்கம் காப்பிப் பொடி வாங்கியவர்கள் ஏதாவது கவனித்தார்களா என்று எனக்குத் தெரியாது.

விசாரணையில் ஐயாதான் பேசுவதாக ஏற்பாடு. முதல்நாள் சாயங்காலம் 'கப்சிப்' என்ற சொல்லின் பின்பாதி இந்துஸ்தானியா இல்லையா என்று நாராயணனோடு இரண்டு மணி நேரம் வாதாடினார். மறுநாள் காலை கழுத்தில் மப்ளரோடு வந்தார். வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. அந்தக் குரல் அடியோடு போயிருந்தது. என்னைக் காட்டி, நீ பேசு என்று சைகை செய்தார்.

தேனாம்பேட்டை அலுவலகத்தில் ஒரு நீள மேசை. நடுவில் அதிகாரி, வழுக்கைத் தலை, நிதானமான மனிதர். பக்கத்தில் தட்டச்சர். ஒருபுறம் ஏகாம்பரம், கஞ்சி மொடமொடக்கும் வேட்டியோடு. மறுபுறம் சவுரியம்மாள். ஐயா என் பக்கத்து நாற்காலியை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் எழுந்து நின்றேன். மூன்று அட்டைகளையும் வாக்கியம், சொன்னவர், இடம், கையில் இருந்த வேலை என்ற முறைப்படி வாசித்தேன். பூனையை வாசித்தபோது தட்டச்சர் நிறுத்திவிட்டு அதிகாரியைப் பார்த்தார். "அடிங்க, அதுவும் சாட்சியந்தான்" என்றார் அதிகாரி.

ஏகாம்பரம் எழுந்தார். "சார், பூனையும் கடலும் நமக்கு எதுக்கு சார்? மௌனம் சம்மதத்துக்கு அறிகுறின்னு பெரியவங்க சொல்லிக்கீறாங்க." என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உனக்கு இன்னும் கண்ணாலம் ஆவலல்ல? பொண்ணு பாக்க வராங்கோ. மாப்ளய புடிச்சிக்கீதான்னு கேக்கறாங்கோ. பொண்ணு இன்னா பண்ணும்? தலயக் குனிஞ்சிக்கினு கம்முனு இருக்கும். அதுக்கு இன்னா அர்த்தம்? சம்மதம்தானே?"

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனால் வாய் எப்படியோ திறந்துகொண்டது.

"எங்க வீட்டுக்கு இதுவரைக்கும் மூணு தடவை வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க. மூணு தடவையும் நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் பேசாமதான் இருந்தேன். நீங்க சொல்றதுபடி பாத்தா எனக்கு இப்போ மூணு புருஷன் இருக்கணும்."

அதிகாரி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். (இந்தப் பதில் தேனாம்பேட்டையிலிருந்து அப்பாவின் ஜவுளிக்கடைக்குப் போய்ச் சேர இரண்டே நாள்தான் ஆயிற்று. வீட்டில் எனக்கு நடந்த அர்ச்சனை தனிக் கதை. ஆனால் நான்காவதாக வந்தவர், "எனக்கு விஷயம் தெரியும். அதனால நீங்க வாயைத் திறந்து சொல்லிடுங்க" என்று கேட்டார். சொன்னேன். இன்றைக்கும் உள்ளே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.)

அதிகாரி ஐயாவைப் பார்த்தார். "இந்த அம்மா சொன்னதுதான் உங்க ஆபீஸ் கருத்தா? பதிவுக்காக நீங்க வாயால சொல்லணும்."

ஐயா எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். நரம்பு புடைத்தது. ஒன்றும் வரவில்லை. மறுபடி முயன்றார். அறை முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஏகாம்பரத்துக்குப் பொறுக்கவில்லை. "பாத்துக்கோ சார்! பெரியவரே கம்முனு நிக்கறாரு! அவருக்கே இதுல இஷ்டம் இல்ல சார்!" என்று கத்தினார்.

நான் பையிலிருந்து ஒரு புது அட்டையை எடுத்தேன். எழுதிக்கொண்டே சத்தமாக வாசித்தேன். "கம்மென்று. 'பெரியவரே கம்முனு நிக்கறாரு, அவருக்கே இதுல இஷ்டம் இல்ல.' சொன்னவர் ஏகாம்பரம். இடம் தேனாம்பேட்டை. கையில் வேலை..." நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். "கையில என்ன வேலைன்னு போடட்டும் சார்?"

ஏகாம்பரம் பட்டென்று உட்கார்ந்தார். ஐயாவின் தோள்கள் குலுங்கின. சத்தமில்லாமல் அவர் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சவுரியம்மாளிடம் மெதுவாகக் கேட்டார். "எல்லாம் சரிம்மா. இடத்தைப் புடுங்கறாங்கன்னு தெரிஞ்சும் நீ ஏன் ஒரு வார்த்தை பேசல?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கூட்டத்த மாதா கோயில் காம்பவுண்டுல போட்டாங்க நைனா. என் ஆம்பள கடலுக்குப் போயித் திரும்பாத நாள்லேர்ந்து அந்த வாசல்லதான் குந்தி மூணு பசங்கள வளத்தேன். இந்தாளு அதப் படிச்சதும் எனக்கு வயிறு எரிஞ்சிச்சு. வாயத் தொறந்தா அசிங்க அசிங்கமாத்தான் வரும். மாதா முன்னால அப்டிப் பேசலாமா? அதான் பல்லக் கடிச்சிக்கினு கம்முனு இருந்தேன்."

தட்டச்சர் அதையும் அடித்து முடித்தார்.

பிறகு அவள் நான்கு சுவர்களையும் அண்ணாந்து பார்த்தாள். "இது கோயில் இல்லியே நைனா?"

"இல்லம்மா. கவர்மென்ட் ஆபீஸ்" என்றார் அதிகாரி.

சவுரியம்மாள் ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தாள்.

அவள் பேசியதை இங்கே எழுத முடியாது. தட்டச்சர் முதல் வரியிலேயே கையை எடுத்துவிட்டார். வராந்தாவில் பியூன்கள் கூடிவிட்டார்கள். ஏகாம்பரத்தின் வம்சம், அவர் மச்சினனின் வம்சம், கூரை போட்ட மேஸ்திரியின் வம்சம் எல்லாம் வரிசையாக வந்தன. எனக்கு அதில் பாதிச் சொல் புரியவில்லை. ஐயா மட்டும் கண் பளபளக்க வெற்று அட்டைகளை ஒவ்வொன்றாக என் முன்னால் தள்ளி, எழுது எழுது என்று விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார். கையிலிருந்த அட்டைகள் தீர்ந்தபோது தன் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைக் கொடுத்தார்.

அவள் ஓய்ந்ததும் அதிகாரி தட்டச்சரிடம் சொன்னார்: "சவுரியம்மாளுக்குச் சம்மதம் இல்லை என்பது ஐயமற விளங்கியது. அதை மட்டும் அடிங்க."

அந்த வாரமே அவள் முன்வாசலுக்குத் திரும்பினாள்.

அகராதியின் அந்தத் தொகுதி அச்சுக்குப் போக மேலும் சில வருஷம் ஆனது. 'கம்மென்று' என்ற பதிவின் கடைசியில் ஐயா ஒரு வரி சேர்த்திருந்தார்: 'உடன்பட்டதாகக் கொள்ளலாகாது.' மேற்பார்வைக் குழு அதை அடித்துவிட்டது. பொருள் சொல்வதுதான் அகராதியின் வேலை, தீர்ப்புச் சொல்வதல்ல என்றார்கள். ஐயா அவர்களோடு முழு நாள் சத்தம் போட்டுப் பார்த்தார். தோற்றுப்போனார்.

இறுதி மெய்ப்பை அச்சகத்துக்கு எடுத்துப்போனவள் நான். வடபழனிக்குப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தை எடுத்தேன். ஐயாவின் சிவப்புப் பேனா அன்று எப்படியோ என் பையில் இருந்தது. பஸ் குலுங்கியதில் எழுத்து சற்றுக் கோணியது, அவ்வளவுதான்.

புத்தகம் வந்த அன்று ஐயா நேராக அந்தப் பக்கத்தைத்தான் திருப்பினார். குழு அடித்த வரி அச்சில் இருந்தது. படித்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை; ஆனால் அன்று மாலை வரை அந்த மனிதர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை போய்விட்டது என்றே முடிவு செய்துகொண்டு வீட்டுக்குப் போனேன். இரவெல்லாம் தூக்கமில்லை.

மறுநாள் காலை என் மேசைமேல் அவர் கையெழுத்திட்ட ஓர் அலுவலக உத்தரவு இருந்தது. இனிமேல் எல்லாத் தொகுதிகளின் இறுதி மெய்ப்பையும் அச்சகத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டியவர் திருமதி கோமதி. வேறு எவரும் கொண்டுசெல்லக் கூடாது.